பூபதி எந்த ஊர் ராஜா

நாக்பூரில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் பெயரோடு விட மாட்டார்கள், சர்நேம் கேட்பார்கள். எண்பதுகளில் என் மகன் பூபதியைச் சேர்த்தபோது, நம் பக்கம் அப்பன் பெயரின் முதலெழுத்தே போதும் என்றேன். மாஸ்டர்ஜிக்கு விளங்கவில்லை. "பூபதி என்றால் ராஜா. எந்த ராஜ்யம்?" என்று இந்தியில் கேட்டார். "எருமப்பட்டி," என்றேன். அதையே சர்நேமாக எழுதிக்கொண்டார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். போர்வெல் போடும் ரிக் வண்டியில் ராடு தூக்க வந்து, பத்தே வருடத்தில் இரண்டு ரிக்குக்கு முதலாளி ஆனவன். அப்படிப்பட்டவனுக்குப் பரம்பரை இல்லாமலா போகும்? அம்மா பாடிய பாட்டில் இரண்டு அடி நினைவிருந்தது:

பூபதி நடந்துவந்தா பள்ளமெல்லாம் தண்ணி நிக்கும்
பூபதி மூச்செறிஞ்சா புஞ்சையெல்லாம் சோளம் நிக்கும்

எங்கள் பாட்டன்மாரில் ஒருவர் என்று நானே முடிவுகட்டி, மகனுக்கு அந்தப் பெயரை வைத்தேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன். ஆண்டு விழாவில் பையன் அதை முழுதாகப் பாடட்டும் என்றார் மாஸ்டர்ஜி. அம்மா எப்போதோ போய்விட்டாள். மீதிப் பாட்டுக்காக ரயிலேறினேன்.

எருமப்பட்டியில் அக்கா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள்.

"ஏனக்கா, நம்ம பூபதிப் பாட்டன் பாட்டு முழுசா தெரியுமா?"

"எந்தப் பாட்டன்டா?"

பாடிக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் முறம் சாய்ந்தது. "அட சாமி, அது நம்ம கவலை மாடுடா. நீ பொறந்த வருசம் கெணத்துக்கு எஞ்சின் வந்துச்சு, அப்பன் வித்துப்போட்டாரு. அன்னைக்கு அம்மா சோறே திங்கலெ."

"மாட்டுப் பேரையா மவனுக்கு வெச்சுப்போட்டேன்?"

"மாட்டுக்கு என்னடா கொறச்சல்? சாட்டையே எடுக்க உடாது. உன்ற மவன் அப்படியா?"

கவலை என்பது மாடு கட்டித் தண்ணீர் இறைப்பது. மாடு சரிவில் இறங்கினால் தண்ணீர் அள்ளிய சால் மேலே வரும். அது முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். சிறுமியாக அந்தச் சால் கயிற்றின் மேல் உட்கார்ந்து போய்வந்த அக்கா, கண்ணை மூடிக்கொண்டு மீதியைப் பாடினாள்:

கொம்புக்கு எண்ணெ வெச்சேன் கழுத்துக்கு மணி போட்டேன்
கெணத்தாண்ட வந்தாலும் மொகம் மட்டும் வெளியே பாப்பான்

பாடும்போது அவள் குரல் அம்மாவுடையதாக இருந்தது. நான் கடலைக்காயை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

விழாவில் மகன் நாலு அடியும் பாடினான். நான் மேடையேறி, "ராஜா நஹீ, பைல்," என்று, ராஜா இல்லை, மாடு என்ற உண்மையைச் சொன்னேன். சாட்டையே தேவைப்படாத மாடு என்பதையும் விடவில்லை. மாஸ்டர்ஜி அதை என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டச் சொன்னார். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை என்னை அடக்கமானவன் என்றார்கள்.

இன்றைக்கும் வருடம் ஒருமுறை ஊருக்குப் போகிறேன். பையை இறக்குமுன்பே திரும்பும் ரயிலின் நேரம் வாயில் வந்துவிடுகிறது. "வாடா பூபதி," என்கிறாள் அக்கா. மகனை அல்ல, என்னை.