எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும் கார்

டிரைவர் ஓய்வு பெற்றது உண்மைதான். ஆனால் அந்தச் செய்தி அவருடைய கை கால்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. வாழ்நாளெல்லாம் விடியற்காலை முதல் பஸ்ஸை ஓட்டியவர். இப்போது ஓட்டப் பஸ் இல்லாவிட்டாலும் அதே இருட்டில் எழுந்து, சவரம் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, மிடுக்காக நாற்காலியில் வந்து உட்காருவார். அதற்குமேல் என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியாது.

நல்லவேளையாக வாசலில் ஒரு பழைய கார் நின்றது. மருமகன் கப்பல் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. டிரைவர் அதைச் சுற்றிவந்து ஒவ்வொரு டயரையும் காலால் தட்டுவார், கண்ணாடியைத் துடைப்பார், என்ஜினைக் கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பார். எங்கேயும் போகமாட்டார். அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டதுதான் மிச்சம் என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

நிறைமாதமாக வந்து தங்கியிருந்த மகளுக்கு அந்த உறுமலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்பாவுக்கு அவள் வைத்த பெயர் மெஷின். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் மேடையேறிய ஒரு நாளாவது அவர் எதிரே வந்து உட்கார்ந்ததில்லை. கேட்டால் டியூட்டி என்று ஒரே வார்த்தை. அந்த வார்த்தை இத்தனை வருடமாக அவர் நெஞ்சிலும் முள்ளாகத்தான் கிடந்தது. எடுத்துச் சொல்லத் தெரியாத மனிதர், அவ்வளவுதான்.

அன்று அவர் ஒரு ஷூவுக்குப் பாலிஷ் போட்டு முடித்தபோது உள்ளே மகள் அலறினாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. வலி எடுத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் முன்பே மிரட்டி அனுப்பியிருந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொன்னார்கள். மகளைப் பின்சீட்டில் மனைவியோடு உட்காரவைத்துவிட்டு டிரைவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? காரைச் சுற்றிவந்து டயர்களைத் தட்டினார். மனைவி போட்ட சத்தத்தில் தெருவே விழித்துக்கொண்டது. ஆனால் தினமும் உறுமிப் பழகிய கார் சாவியைத் திருப்பியதும் கிளம்பியது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி அவருடைய பழைய பஸ் போன வழியேதான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. முதல் ஸ்டாப் வந்ததும் கார் வேகம் குறைந்து, ஓரம் கட்டி, அழகாக நின்றது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார், ஆள் ஏறுகிறதா என்று. பின்னாலிருந்து மகள் முனகியபோதுதான் சுயநினைவு வந்தது. பதறி வண்டியை எடுத்தார். அடுத்த ஸ்டாப்பிலும் அதே கதை.

“என்னங்க, இது உங்க பஸ் இல்ல. பின்னாடி இருக்கிறது உங்க பொண்ணு,” என்றாள் மனைவி. குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

அவருக்குத் தெரியாதா? காலுக்குத்தான் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியும் மூன்றாவது ஸ்டாப்பில் கார் நின்றேவிட்டது. நின்றதும் முன்கதவு திறந்தது. வெள்ளை உடையில் ஒரு பெண் கொட்டாவி விட்டபடி ஏறி, கதவைச் சாத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிரசவ வார்டு நர்ஸ். வருடக்கணக்காக அதே ஸ்டாப்பில் அவர் பஸ்ஸில் ஏறியவள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பழகிய முகம் தெரிந்தது, தூக்கக் கலக்கத்தில் ஏறிவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் இது பஸ் இல்லையே என்று முழித்தாள். பழக்கத்தைக் கேலி செய்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம்.

பின்சீட்டைத் திரும்பிப் பார்த்ததும் நர்ஸின் தூக்கம் பறந்தது. சீட்டுகளுக்கு நடுவே புகுந்து பின்னால் போனாள்.

“டிரைவரண்ணே, இனி எந்த ஸ்டாப்லயும் நிறுத்தாதீங்க. ஆனா பஸ் ஓட்டுற மாதிரியே குலுங்காம ஓட்டுங்க.”

நிற்கிற பயணி ஒருவரும் தடுமாறாமல் ஓட்டிய கை அது. எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறதென்று மனப்பாடம். ஒவ்வொரு ஸ்டாப்பும் வரும்போது கால் பிரேக்கைத் தேடியது. அவர் அதை அழுத்தவிடவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவும் கை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்குள் திரும்பும்போது குழந்தை பிறந்தது. சத்தமே இல்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நர்ஸ் எதையோ விலக்குவதும் தேய்ப்பதும் கேட்டது. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. பிறகு ஒரு சின்னத் தும்மல். அதற்குப் பின்னால் காரே கிழிகிற மாதிரி ஓர் அழுகை.

ஸ்ட்ரெச்சர் வந்தது. ஆட்கள் வந்து தாயையும் பிள்ளையையும் கொண்டுபோனார்கள். கூடவே ஓடிய நர்ஸ், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள். மனைவி உள்ளே போய்த் திரும்பி வந்தபோதும் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் எறங்கியாச்சா?” என்றார்.

“ஏறினதைவிட ஒரு ஆள் கூடவே எறங்கியாச்சு. வாங்க, உங்க பொண்ணு உங்களைத்தான் கேக்குறா.”

என்ஜினை அணைக்காமல், கதவைக்கூடச் சாத்தாமல், டிரைவர் ஓடினார்.