பாலத்து ஏற்றம்

என் அக்காள் புருஷன் பிடிவாதக்காரர். தெருவே கார் வாங்கி முடித்த பிறகும் அவருக்கு சைக்கிள்தான். “ஒரு பழைய காராவது வாங்குங்களேன் அத்தான்” என்றால், “வாங்கலாம். அதை நிறுத்த வீட்டை இடிக்கணும். அப்புறம் கார்லதான் குடும்பம் நடத்தணும்” என்பார். கையில் காசில்லை என்று ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வராது. எனக்கு எரிச்சலாக வரும்.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் அவருக்கு வேலை. அக்காளுக்குச் சீருடை தைக்கும் கம்பெனியில். இரண்டும் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். கேரியரில் துணிமெத்தை கட்டி, அதில் அக்காளை உட்கார வைத்து மிதிப்பார். பாலத்தடி வந்ததும் அவள் இறங்கிவிடுவாள். அவர் சைக்கிளைத் தள்ள, அவள் பக்கத்தில் நடந்து, உச்சியில் மறுபடி ஏறிக்கொள்வாள். இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் சண்டை போட்டதும் சமாதானமானதும் அந்த ஏற்றத்தில்தான்.

போன வருஷம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். தட்டு வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“மாப்ள, இந்தத் திங்கக்கிழமை உங்க அக்காவ இறங்க விடாமலே பாலம் ஏத்திட்டேன். அன்னிலேர்ந்து தினமும் அப்படித்தான்.”

“செயினுக்கு எண்ணெய் போட்டிருப்பீங்க” என்றேன்.

“எண்ணெயாவது மண்ணாவது. அம்பத்தி நாலு வயசுக் கால்டா இது.” தொடையைத் தட்டிக் காட்டினார்.

“கெழவனுக்கு எளமை திரும்புது” என்று அக்காள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் தட்டில் சோறு போட்டபடியே கிடந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அவள் உடுத்தியிருந்தது அளவெடுத்தாற்போல் கச்சிதமாக இருந்தது. இருக்காதா, தையல்காரி. உடம்பு இளைக்க இளைக்கத் தன் துணிகளை உள்ளே பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறாள். வெளியே சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவோம், வேலை போய்விடும் என்று பயம். எங்கள் கண்ணையெல்லாம் ஏமாற்றியவளால் சைக்கிளை ஏமாற்ற முடியவில்லை. அது தினமும் சொல்லியிருக்கிறது. இந்த மனுஷனோ அதைத் தன் கால் பலம் என்று அச்சகம் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தார்.

நாலு மாதம் கழித்து, தைத்துக்கொண்டிருந்தவள் மிஷின் மேலேயே மயங்கி விழுந்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “எப்பலேர்ந்து எடை குறையுது?” என்று கேட்டார்.

அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் முகம் வெளுத்துவிட்டது.

“மார்ச் மாசம்” என்றார். “ரெண்டாவது திங்கக்கிழமை.”

“இவ்வளவு சரியா தெரிஞ்சும் ஏங்க வரல? அப்பவே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்.”

அவரைத் திட்ட வாய் வரை வந்தது. அன்றைக்குக் கூடவே சிரித்தவன் நான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவது?

அக்காள் போய் ஏழு மாதம் ஆகிறது. நேற்றுக் காலை பாலத்தில் அவரைப் பார்த்தேன். கேரியரில் அந்த மெத்தை இன்னும் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் நடக்க இடம் விட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். காரை ஓரங்கட்டி இறங்கினேன்.

“காலி சைக்கிள்தானே அத்தான், ஏறி மிதிக்கலாமே.”

அவர் நிற்கவில்லை.

“மிதிச்சா லேசா இருக்குடா” என்றார்.