பெண் பார்க்கப் போன பச்சைச் சட்டை

பிள்ளைப்பாக்கத்தை விட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன ஞாயிறு திருச்சியிலிருந்து கிளம்பினேன் என்றால் அதற்குக் காரணம் மாரியப்பனின் போன்தான். "ஏலே, எங்கியோ சண்டையில வீடு வாசல் போயி எல்லை தாண்டி வந்த சனங்களுக்குத் துணி சேக்கோம். நீயும் வா" என்றான். ஒரகடத்து உதிரிபாகக் கம்பெனியில் நாங்கள் ஒரே லைன், ஒரே அறை. கோவில்பட்டிக்காரன் பேச்சைத் தட்ட முடியுமா?

காலை ஆறரைக்குத் தாம்பரத்தில் இறங்கி ஸ்ரீபெரும்புதூர் பஸ் பிடித்தேன். ஒரகடம் வழியாக ஒன்றரை மணி நேரம். படப்பை தாண்டியதும் எதிரே கம்பெனி பஸ்கள். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் நைட் ஷிஃப்ட் பையன்கள். அடடா, அந்தத் தூக்கம்! அப்படி ஒன்று எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

"இன்னா சார், பிள்ளைப்பாக்கமா? நூத்தம்பது குடு" என்றார் ஆட்டோக்காரர். முன்பு அங்கே குடியிருந்தவன் என்றேன். "நீ இருந்த வூடு உனக்கே அடையாளம் தெரியாது." உண்மைதான். வயல் இருந்த இடத்தில் ஹாஸ்டல் நின்றது.

நாங்கள் இங்கே வேலை பார்த்தபோது, ஈழத்தில் சண்டை மூண்டிருந்த ஒரு தீபாவளி நேரம் அது. பதுங்குகுழியில் கிடந்த பிள்ளைகளை டிவியில் பார்த்துவிட்டு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்களுக்காகத் துணி சேர்த்தார்கள். எங்களிடம் ஏது துணி? கம்பெனி யூனிஃபார்ம்தான் இருந்தது. அழுத்தமான பச்சை, தோளில் பட்டை, கிழியவே கிழியாது. பிரிக்காத புதுசாகப் பார்த்து நாலு மூட்டை கட்டினோம். பெருமை தாங்கவில்லை.

வாங்க வந்த அக்கா அகதி முகாமில் இருப்பவர். மூட்டையைப் பிரித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இந்த உடுப்பு வேண்டாம் தம்பி. பொடியன் ஒருத்தன் இதைப் போட்டுக்கொண்டு ரோட்டில நிண்டா, ஆமிக்காரன் ஒண்டும் கேக்க மாட்டான். இயக்கக்காரன் எண்டு நினைச்சுச் சுட்டுப்போடுவான்."

மாலையில் லாரி கிளம்பிவிடும். அறை அறையாக ஓடினோம். ஊருக்குப் போட்டுப் போக வைத்திருந்த தீபாவளிச் சட்டைகள் வெளியே வந்தன. மாரியப்பன் மட்டும் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தான். ஓ.டி. பார்த்து வாங்கிய நீலக் கட்டம் போட்ட சட்டை. பெண் பார்க்கப் போக எடுத்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா எங்கம்மா படுத்துருவாலே" என்றான். பிறகு மடிப்புக் கலையாமல் மூட்டையில் வைத்தான். பெண் பார்க்கப் போனது அக்கா திருப்பிக் கொடுத்த பச்சைச் சட்டையில்.

இப்போது மாரியப்பன் வீட்டில் எனக்குக் கதவைத் திறந்தது அன்று அவன் பார்க்கப் போன அந்தப் பெண், செல்விதான். "எங்கய்யா தூரத்துல பாத்துட்டு பட்டாளத்து மாப்பிள்ளைன்னு நெனச்சிட்டாகண்ணே. அதுலயே பாதி சம்மதம்!" என்று சிரித்தாள்.

மாரியப்பன் சிரிக்கவில்லை. "மாமா அதைச் சொன்னப்பதான்லே எனக்கு அந்தக்கா பேச்சு ஒறச்சுது. இவரு தப்பா நெனச்சாரு, பொண்ணு கெடச்சுது. அங்க ஒருத்தன் தப்பா நெனச்சா?"



நீங்களும் கொடுக்கப் போனால், என்ன வேண்டும் என்று வாங்குகிறவரிடமே முதலில் கேளுங்கள். பச்சை, காக்கி வேண்டவே வேண்டாம். துவைத்து, பட்டன் பார்த்துக் கொடுங்கள். பிள்ளைப்பாக்கத்துக்கு வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மாரியப்பனுக்கென்று தேடிப்பிடித்து நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று வாங்கிப் போயிருந்தேன். தடவிப் பார்த்தான், தோளில் வைத்து அளவு பார்த்தான், கண் கலங்கினான். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அதையும் மூட்டையில் வைத்துக் கட்டிவிட்டான், பாவி.