திருநீற்றுக் கீற்று

குன்றக்குடி மலையில் பாதிப் படி ஏறியபோது அவரைப் பார்த்தேன். பெருத்த உடம்பு. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, மூச்சு அடங்கவே இல்லை. விரலால் திருநீற்றைத் தொட்டுப் படியோரச் சுவரில் ஒரு கீற்று இழுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

எனக்குச் சர்க்கரை வந்து, அரிசியைக் குறைத்து, வாராவாரம் மலையேறி இளைத்திருந்த நேரம். கண்ணில் பட்டவருக்கெல்லாம் புத்தி சொல்லித் திரிந்தேன்.

“பாதியிலயே உக்காந்தா எப்படிண்ணே? சோத்தக் குறைங்க, புரோட்டாவ விடுங்க. வயித்தப் பாருங்க!” என்றேன். இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. “புரோட்டாவ விட்டு மாசக்கணக்காச்சு தம்பி. அடிவாரத்துலயே கும்பிட்டுத் திரும்புன ஆளு நான். இப்ப வாராவாரம் ரெண்டு ரெண்டு படியாக் கூட்டி ஏறுறேன். அந்தா பாருங்க.”

சுவர் நெடுகக் கீழே வரைக்கும் திருநீற்றுக் கீற்றுகள்.

“இன்னிக்கு இங்குட்டு வரைக்கும்தேன். மேல போறீகள்ல, எனக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிருங்க.”

தலையை ஆட்டிவிட்டு, முகம் பார்க்காமல் விறுவிறுவென்று ஏறினேன்.

சன்னதியில் குருக்கள் கேட்டார்: “பேரு, நட்சத்திரம்?”

அவருடைய சோற்றைப் பற்றிப் பேசினேன், வயிற்றைப் பற்றிப் பேசினேன். பேரைக் கேட்கவில்லை. “சாமி பேருக்கே பண்ணிருங்க” என்றேன்.

அர்ச்சனைத் தேங்காயோடு இறங்கியபோது அவர் அங்கே இல்லை.

இன்றும் வாராவாரம் ஏறுகிறேன். அந்தக் கீற்றுக்கு மேலே சுவர் வெறுமையாகத்தான் இருக்கிறது.