கார் போட்ட சத்தமும் அதிபர் போட்ட சத்தமும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கராஜின் முன் மேசையில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் போயிற்று. தமிழில் வரும் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எங்கள் மெக்கானிக் சுனில் பாஸுக்குச் சொல்வது என் வேலை. அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

ஆனால் சத்தத்துக்கு நான் தேவைப்படவில்லை. நம்மவர் லொடக் என்பார்கள், சிங்களவர் டொக் என்பார்கள், கொழும்பு ஏழுப் பணக்கார வீட்டு நோனாமார் இங்கிலீஷில் க்ளங்க் என்பார்கள். எல்லாம் 'க்' என்று வெட்டுப்பட்டு நிற்கும். இரும்பு இரும்பில் மோதுகிறது. உரசல் என்றால் எந்தப் பாஷையிலும் கிறீ என்று இழுபடும். சுனில் பாஸுக்கு அது போதும். வாய் திறந்து சத்தம் போட்டுக் காட்டாத ஆள்தான் எங்களுக்குத் தலையிடி.

அப்படி ஒரு நாள் வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். மனைவியும் கூட வந்திருந்தார்.

"பிள்ளை, காரில ஒரு அசாதாரண ஒலி கேக்குது. நாளைக்கு விடிய மகளையும் கைக்குழந்தையையும் ஏத்திக்கொண்டு யாழ்ப்பாணம் போகோணும்."

"என்ன மாதிரி ஒலி, சேர்?"

"அதுதான் சொன்னனே, அசாதாரண ஒலி."

சுனில் பாஸ் காலி நகருக்குப் போகிற பிரதான வீதியில் தனியே ஓட்டிப் பார்த்தார். கார் பூனை மாதிரிப் போய் வந்தது. "ஹரி," என்றார். எல்லாம் சரியாம்; பிழை ஒன்றும் இல்லை, கொண்டுபோகச் சொல்லுங்கள். எனக்குக் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. கைக்குழந்தை போகிற கார்.

"சேர், அந்தச் சத்தத்தை ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ."

"நானோ?"

"வேற ஆர்? வீட்டில போடுற சத்தத்தில கால்வாசி போதும்," என்றார் மனைவி.

பழைய மாணவர் யாரும் நிற்கிறார்களா என்று அதிபர் வாசலைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கைகளை வைத்தார். "கிறீ... லொடக்." லொடக் வரும்போது இடது தோள் தானாகச் சரிந்தது.

சுனில் பாஸ் எழும்பினார். "ஆயெத்," என்றார். இன்னொரு தடவையாம். அதிபருக்கு அதற்குள் கூச்சம் போய்விட்டது; இம்முறை தலையும் ஆடியது.

அந்தத் தோள் சரிவைத்தான் சுனில் பாஸ் கவனித்துப் பிடித்துக்கொண்டார். அவர் தனியே ஓட்டியபோது இடது பக்கம் ஆள் இல்லை; இது பாரம் ஏறினால் மட்டும் வருகிற சத்தம். அதிபரை முன்சீட்டிலும் மனைவியைப் பின்னுக்கும் ஏற்றி, பக்கத்துச் சின்ன ஒழுங்கைக்குள் காரைத் திருப்பினார். லொடக் என்றது கார். முன் இடது சக்கரத்தைத் தாங்குகிற பால் ஜொயின்ட் கழன்று விழுகிற பதத்தில் இருந்தது. இறங்கிய அதிபர் தண்ணீர் கேட்டார். பின்னேரத்துக்குள் புதிதைப் போட்டுக் கொடுத்தோம்.

இப்போது அந்த மேசைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மற்றதெல்லாம் மொழிபெயருங்கள், சத்தத்தை மட்டும் வந்தபடியே உள்ளே அனுப்புங்கள்.

காரைக் கொடுத்த மறுநாள் பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து அதிபரின் போன் வந்தது.

"பிள்ளை, எல்லாரும் சுகமா வந்து சேர்ந்திட்டம்."

"கார் எப்பிடி ஓடினது, சேர்?"

"போனை பாஸிட்டக் குடுங்கோ."

கொடுத்தேன். "ம்ம்ம்ம்ம்ம்..." என்று அதிபர், மூச்சு முடியும்வரை, ஒரே சீராக. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ஹரி, சேர்," என்றார் சுனில் பாஸ்.