அம்மன் மரத்துக்குத் தண்ணீர் கிடையாதாம்

எங்கள் மாரியம்மன் கோயில் வேப்பமரத்துக்கு இன்று காலையும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோனேன்.

அடிமரத்தை ஒட்டி, மண்ணே தெரியாமல் டைல்ஸ் பதித்துவிட்டார்கள். ஊற்றிய தண்ணீர் வாசலுக்கு ஓடியது.

திருப்பணிக் கமிட்டிக்காரர் ஓடி வந்தார். "ஏனுங்கக்கா, இங்க ஊத்தாதீங்க. சுத்தறவங்க வழுக்கி உழுந்துருவாங்க."

"அப்ப மரம் எதைங்க குடிக்கும்?"

"அது அம்மன் மரமுங்க. ஒண்ணும் ஆகாது."

அம்மனுக்குத் தினமும் அபிஷேகம் செய்கிறோம். அவள் மரத்துக்கு மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கக் கூடாதாம். வேரை மூச்சுமுட்ட மூடிவிட்டு, மேலே மஞ்சள் சேலை சுற்றினால் அதற்குப் பெயர் பக்தியா?

நாளைக்குக் கடப்பாரையோடு போகிறேன். யார் யார் வருகிறீர்கள்?

டைல்ஸ் உபயதாரரின் பெயர்க்கல்லை மட்டும் உடைக்க வேண்டாம். பத்திரமாகப் பெயர்த்து அவர் வீட்டு வாசலிலேயே பதித்துக் கொடுத்துவிடலாம்.