கொடும்பாவிச் சோளம்

என் அண்ணன் உடுத்திக் கழித்த வேட்டி ஒன்றுகூட வீட்டில் தங்காது. கிழித்து, சோளக் கதிரின் அளவுக்குப் பை தைத்துத் தரச் சொல்வார். தேவாரம் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இன்று திராட்சைப் பந்தல் நிற்கும் இடம் அப்போது வெறும் சரளைக்கல்லும் செம்மண்ணும். அங்கே அந்த வெள்ளைப் பைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு சோளப் பயிர் வரிசையாக நிற்கும். சாயங்காலக் காற்றில் தலையாட்டும்போது, முகத்தை மூடிக்கொண்ட ஒரு கூட்டம் நம்மைப் பற்றித்தான் பேசுகிறதோ என்று இருக்கும். தைத்தவளே நான்தான். அப்படியும் அந்தப் பக்கம் தனியாகப் போகப் பயம்.

அண்ணன் சர்க்கார் விவசாய இலாகாவில் வேலை பார்த்தார். முப்பதுகளின் கடைசி அது. புருஷனைச் சாகக் கொடுத்துவிட்டு நான் அவரிடம் வந்து சேர்ந்திருந்தேன். எங்கள் ஊர் மேகத்துக்கு ஓரவஞ்சனை அதிகம். மலை முகட்டில் உட்கார்ந்துகொண்டு மலையாளத்துப் பக்கம் கொட்டித் தீர்க்கும்; எங்கள் பக்கம் ஈரக்காற்றை மட்டும் அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்பும். தண்ணீரும் எருவும் இல்லாமல் இந்தச் சரளையிலேயே கதிர் வாங்கும் சோளம் ஒன்றை உண்டாக்கிவிட வேண்டும் என்பது அண்ணனின் பித்து. ஒவ்வொரு வருஷமும் காய்ந்தது போக எது தப்பி நிற்கிறதோ அதை மட்டும் விதைக்கு எடுப்பார். பக்கத்துப் பயிரின் மகரந்தம் சேர்ந்தால் குணம் மாறிவிடும் என்று பூக்கும் முன்பே பை மாட்டிவிடுவார். மணி முற்றும்வரை குருவிக்கும் அதுவே காவல். "ஒரு கல்யாணத்தப் பண்ணுண்ணே. சோளத்துக்கு முக்காடு போட்டு என்னத்தக் கண்ட?" என்று கேட்பேன். "இது தேறட்டும் ஆத்தா" என்பார்.

ஊராருக்கு அந்தப் பைகளைக் கண்டாலே ஆகாது. செத்தவர்களுக்குத்தான் வாய்க்கட்டுக் கட்டுவார்கள். இவர் உயிருள்ள பயிருக்குக் கட்டுகிறார். காற்றும் வண்டும் அண்டாத கதிர் மலடாகத்தான் இருக்கும் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகமில்லை.

மழை அடியோடு பொய்த்த ஒரு வருஷம் கொடும்பாவி இழுப்பது என்று முடிவு செய்தார்கள். ஊரில் பாவி இருப்பதால்தான் வானம் மூடிக்கொண்டது என்று, வைக்கோலில் ஓர் ஆள் செய்து, தெருவெல்லாம் இழுத்து, ஒப்பாரி வைத்து, சுடுகாட்டில் கொண்டுபோய் எரிப்பது வழக்கம். ஆனால் வைக்கோலை எப்போதோ மாடுகள் தின்று தீர்த்திருந்தன. அண்ணன் அன்று மதுரைக்குப் போயிருந்தார். மலட்டுத் தட்டைதானே, பாவிக்குப் பொருத்தம் என்று, அவர் நிலத்தில் தப்பி நின்ற அத்தனையையும் அறுத்து ஆளாகக் கட்டிவிட்டார்கள்.

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். எங்கள் வாசலில் வைத்துத்தான் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். பாவியின் முகம் நான் தைத்த பை. அதில் கரியால் கண் எழுதியிருந்தது. இழுக்கத் தொடங்கியதும் மற்றப் பைகள் தரையில் உரசிக் கிழிய, உள்ளே முற்றிய மணிகள் கலகலவென்றன. 'அய்யோ, மலடு இல்லை, விதை இருக்கிறது' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். அவர்கள் சொல்லி அழுத பேர் என் அண்ணனுடைய பேர். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு அவர்கள் கண்ணில் நிஜமாகவே கண்ணீர் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் அவர்களோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் வந்த அண்ணன் நேரே சுடுகாட்டுக்குப் போய்ச் சாம்பலைக் கையால் அளைந்து பார்த்தார். எல்லாம் கரி. "போச்சு ஆத்தா" என்றார். இத்தனை வருஷத்துப் பாடு. அந்த ஊரை அன்று நான் மனசார வெறுத்தேன்.

அந்த வாரமே மழை வந்தது. ஊர் பூரித்துப்போயிற்று. அப்புறம்தான் ஒரு விடியற்காலையில் வாசல் பெருக்கப்போனவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு நின்றேன். கொடும்பாவியை இழுத்த தடத்தில், எங்கள் வாசலில் தொடங்கி, தெரு வளைந்த இடத்தில் வளைந்து, சுடுகாடு வரைக்கும் ஒற்றை வரிசையாகச் சோளம் முளைத்திருந்தது.

ஒருவரும் அதை மிதிக்கவில்லை. ஆடு வாய்வைத்தால் விரட்டினார்கள். பிள்ளைகள் கையை நீட்டிக் காட்டினால் அடி விழுந்தது. "எரிஞ்சவுக திரும்பி வீட்டப் பாத்து வாராக" என்று பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சாயங்காலம் கதவைச் சாத்தும்போது பார்ப்பேன். முந்தின நாளைவிட அது வாசலை நெருங்கியிருக்கிற மாதிரியே இருக்கும்.

பயிர் தொண்டை கட்டி, கதிர் உள்ளே திரண்டதும் நாட்டாமை வந்தார். "கதிர் வெளிய வந்துச்சுன்னா பாவி வாயத் தொறந்துட்டான்னு அர்த்தம். மழ நின்னுரும். பிடுங்கிருங்க அய்யா."

உலகத்தில் அண்ணனுடைய விதை மிச்சம் இருந்தது அந்தத் தெருவில் மட்டும்தான். அவர், "பிடுங்க வேணாம். அம்புட்டுக்கும் வாய்க்கட்டுக் கட்டிருறேன். அப்பச் சரிதானே?" என்றார். நாட்டாமை யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

இருந்த வேட்டியெல்லாம் கிழிந்தது. தெரு நெடுக வெள்ளை முகங்கள் நிற்க, ஊர் அவற்றின் ஓரமாக ஒதுங்கி நடந்தது. அறுப்பன்று எங்களுக்கு யாரும் கைகொடுக்க வரவில்லை. அண்ணனும் நானுமே வாசலிலிருந்து சுடுகாடு வரை அறுத்துக்கொண்டு போனோம்.

கொடும்பாவிச் சோளம் என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலில் யாரும் தொடவில்லை. அடுத்த வறட்சியில் ஊர்ச் சோளமெல்லாம் கருகி, அண்ணனுடையது மட்டும் கதிர் வாங்கியபோது ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். அவர் கேட்டவர்களுக்கெல்லாம் விதை கொடுத்தார்.

சில வருஷம் கழித்து மலைக்காய்ச்சலில் அண்ணன் போய்விட்டார். பெண்கள் கூட்டமாக வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. நான் ஒற்றை ஆளாகக் கத்தினேன். "அழுங்களேண்டி" என்று கெஞ்சினேன். மூத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவுகளுக்கு அன்னைக்கே அழுது முடிச்சாச்சு ஆத்தா. ஒரு ஆளுக்கு ரெண்டுதரம் அழக்கூடாது" என்றாள்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. நான் எடுத்துவைத்த அரிசியை யாரும் தொடவில்லை. வரிசையாக வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, அண்ணன் வாயில் சோளம் போட்டார்கள். யார் வீட்டுச் சோளம் என்று நான் கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் அதுதான் இருந்தது.